ஜிஸ்ட் என்ற பெயர் வந்த வழி

மருத்துவ அகராதியில் மதுரைக்கு ஓர் இடம் உண்டு. 1842இல் கில் என்ற மருத்துவர் மதுரைச் சீமையில் கண்ட கால் வீக்கத்துக்கு 'மதுரா ஃபுட்', மதுரைக் கால், என்று பெயர் விழுந்தது. வெறுங்காலோடு காட்டிலும் வயலிலும் நடப்பவர்களுக்கு முள் தைத்த இடத்தில் தொடங்கி, பாதம் முழுக்க முண்டு முண்டாக வீங்கி, பல துளைகளில் குருணையோடு சீழ் வடியும் நோய் அது. என்ன நோய் என்று பிடிபடாததால் கண்ட ஊரின் பெயரையே வைத்தார்கள். 1860இல் பம்பாயிலிருந்த வான்டைக் கார்ட்டர், இது பூஞ்சையால் வருவது என்று சொல்லி 'மைசெட்டோமா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'மைகெஸ்' பூஞ்சை. 'ஓமா' என்ற ஈறு கட்டியைக் குறிக்கும். ஆனாலும் ஊர்ப்பெயர் அழியவில்லை. 1905இல் பிரெஞ்சு அறிஞர் புரூம்ப்ட் அந்தப் பூஞ்சை இனத்துக்கே 'மதுரெல்லா' என்று பெயர் சூட்டினார்.

காரணம் தெரியாதபோது இடத்தின் பெயரை வைப்பது வைத்தியத்தின் பழைய வழக்கம். இரைப்பையிலும் குடலிலும் வருகிற ஓர் அரிய கட்டிக்கும் அப்படித்தான் பெயர் வந்தது. மருத்துவர்கள் அதை 'ஜிஸ்ட்' என்கிறார்கள். முழுப்பெயர் 'கேஸ்ட்ரோஇன்டஸ்டைனல் ஸ்ட்ரோமல் டியூமர்'. இந்தப் பெயர் அமைவதற்கு முன் நோயாளிகள் வாழ்ந்த காலம் வேறு, அமைந்த பின் வாழும் காலம் வேறு. சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு இதைவிடக் கனமான சொல் கிடைப்பது அரிது.

எங்கள் பக்கத்தில் இதற்கென்று தனிச்சொல் கிடையாது. "வயித்துல கட்டி" என்பார்கள். சீழ் வைத்தாலும் கட்டி, ரத்தம் உறைந்தாலும் கட்டி, புற்றானாலும் கட்டி. 'புற்று' என்ற சொல்லை வீட்டில் யாரும் நோயாளி காதில் போடுவதில்லை. அந்தச் சொல்லுக்குத் திரையாகவும் 'கட்டி' உதவுகிறது. பெரும்பாலும் நோயாளி கட்டி என்று சொல்லிக்கொண்டும் வருவதில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, ரத்தம் கம்மி என்கிறார்கள், மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்று வருவார். உள்ளே கட்டி மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

அந்தக் கட்டியை நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்த முதல் தலைமுறை மருத்துவர்களுக்கு, கதிர் போல நீண்ட செல்கள் கற்றை கற்றையாகத் தெரிந்தன. குடல்சுவரின் தசையும் அப்படித்தான் இருக்கும். ஆகவே 'லியோமயோமா' என்றார்கள். 'லியோஸ்' வழவழப்பு, 'மைஸ்' தசை. பரவினால் 'லியோமயோசார்கோமா'. எல்லாக் கட்டியும் இந்தப் பெயருக்குள் அடங்கவில்லை. நியூயார்க்கின் ஆர்தர் பர்டி ஸ்டவுட் 1962இல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே இரைப்பையின் 'விசித்திரமான' தசைக்கட்டிகள் என்று குறிப்பிட்டார். விசித்திரம் என்று ஒரு நோய்க்குறியியலாளர் எழுதினால், பெயர் பொருந்தவில்லை என்று அவருக்கே பட்டிருக்கிறது என்றுதான் நான் படிப்பேன்.

1983இல் மசூர், கிளார்க் என்ற இருவர் அந்தப் பெயரை விடும் துணிவைக் காட்டினார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் சாயச் சோதனையிலும் பார்த்தபோது பல கட்டிகளில் தசையின் அடையாளமும் இல்லை, நரம்புறையின் அடையாளமும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் 'ஸ்ட்ரோமல்' என்றார்கள். 'ஸ்ட்ரோமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு விரிப்பு, படுக்கை என்று பொருள். உறுப்பின் வேலையைச் செய்யும் செல்கள் எதன்மேல் அமர்ந்திருக்கின்றனவோ அந்த விரிப்பு. 'அடித்திசுவிலிருந்து கிளம்பிய கட்டி' என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் உறுதி சொல்லவில்லை. மதுரைக் கால் போல இதுவும் இடப்பெயர்தான். தவறான உறுதியைவிட இந்த அடக்கம் எவ்வளவோ மேல் என்பேன். தசைப்புற்று என்று பெயர் இருந்தவரை அதற்குரிய கீமோதெரபியைத்தான் கொடுத்தார்கள். ஜிஸ்ட் அதற்குப் பெரும்பாலும் அசைந்து கொடுப்பதில்லை. பரவிய நிலையில் பாதிப்பேர் ஒன்றரை ஆண்டைத் தாண்டவில்லை.

இந்தக் கட்டி எதிலிருந்து கிளம்புகிறது என்பதற்கு விடை 1998இல் ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகாவின் ஹிரோட்டா குழு, இந்தக் கட்டிகளில் 'கிட்' என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டது. பூனைகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸில் 1986இல் முதலில் கண்ட மரபணு அது. கிட் புரதம் குடலில் எங்கே இருக்கிறது என்று தேடினால், ஸ்பெயின் அறிஞர் ராமோன் இ கஹால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்து வைத்த செல்களில் இருந்தது. இரைப்பை நிமிடத்துக்கு மூன்று தடவை அலையாக அசைவதற்குத் தாளம் போடுபவை அவை. அதே 1998இல் ஸ்வீடனின் கின்ட்ப்ளோம், இனி இதைத் தாளச்செல் கட்டி என்ற பொருளில் அழைக்கலாம் என்றார். எடுபடவில்லை. ஜிஸ்ட் என்ற ஆங்கில நான்கெழுத்துச் சுருக்கம் அதற்குள் நாவில் ஒட்டிவிட்டது.

பெயர் பழையதே நின்றாலும் பொருள் மாறியது; மருந்தும் வந்தது. ரத்தப்புற்றுக்காக உருவாக்கிய இமாட்டினிப் மாத்திரை கிட் புரதத்தையும் அடக்கும். 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில் ஒரு பெண்ணுக்கு அதை முதன்முதலில் ஜிஸ்டுக்காகக் கொடுத்தார்கள். கட்டி வேகமாகச் சுருங்கியது. பரவிய ஜிஸ்டில் பாதிப்பேர் வாழும் காலம் ஐந்து ஆண்டை ஒட்டி உயர்ந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனையில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்தபோது பத்தாண்டுக்குப் பின்னும் 23 சதவீதம் பேர் உயிரோடிருப்பார்கள் என்று கணக்கு வந்தது. பரவாமல், அறுவைசிகிச்சையில் முழுதாக எடுத்து, ஆனால் திரும்ப வரும் அபாயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்று ஆண்டு மாத்திரை கொடுத்த சோதனையில் 92 சதவீதம் பேர் ஐந்தாண்டைக் கடந்தார்கள். ஓராண்டு மட்டும் சாப்பிட்டவர்களில் 81.7 சதவீதம்.

இந்த மாத்திரையின் காப்புரிமை வழக்கு நம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 1998இல் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து அந்த நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்தது. அங்கும் ஒரு சொல்லின் மேல்தான் விவாதம். பழைய மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் 'செயல்திறன்' கூடியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோயைக் குணமாக்கும் திறன்தான், வேறெதுவும் இல்லை என்றது தீர்ப்பு. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்ற மாத்திரைக்குப் பதிலாக, இந்திய நிறுவனங்களின் மாத்திரை 8,000 ரூபாய் அளவில் கிடைத்தது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு விவசாயக் குடும்பத்துக்கு இந்த இரண்டு தொகைக்கும் இடையில்தான் உயிர் நின்றது.

எத்தனை பேருக்கு வருகிறது? மேற்கு ஸ்வீடனில் 1983 முதல் 2000 வரை சேமித்து வைத்திருந்த பழைய திசுக்களை எடுத்து மறுபடி சாயமேற்றிப் பார்த்தார்கள். வேறு பெயரில் கிடந்த கட்டிகள் ஜிஸ்டாக வெளிவந்தன; பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 14.5 என்று கணக்கு வந்தது. பொதுவாக 10 முதல் 15 என்பார்கள். மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 30.38 லட்சம். அதே விகிதம் இங்கும் பொருந்தினால் ஆண்டுக்கு 30 முதல் 45 பேர். மாதத்துக்கு மூன்று பேர் வாக்கில், இந்த மாவட்டத்தில் மட்டும்.

'அரிய' என்ற அடைமொழியையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஐம்பது வயது கடந்தவர்களின் பிரேதப் பரிசோதனையில் 22.5 சதவீதம் பேரின் இரைப்பையில் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய ஜிஸ்ட் இருந்தது. வேறு எதனாலோ இறந்தவர்கள்; உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே வாழ்ந்தவர்கள். கட்டி முளைப்பது அரிதல்ல, வளர்ந்து துன்புறுத்துவதுதான் அரிது. அதனால்தான் ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் மருத்துவர் அளவைக் கேட்கிறார், எந்த இடம் என்று கேட்கிறார், செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று எண்ணச் சொல்கிறார். இரைப்பையில் வருவதைவிட, அதே அளவில் சிறுகுடலில் வருவது கூடுதலாகப் பொல்லாதது.

மதுரையிலிருந்து சிகிச்சைக்காக அடையாறுக்கோ வேலூருக்கோ போகிற குடும்பங்களுக்குப் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: "பிளாக், ஸ்லைடு கொண்டு வந்திருக்கீங்களா?" பிளாக் என்பது கட்டியின் துண்டை மெழுகில் புதைத்த சின்னக் கட்டை; விரல் இரண்டுக்குள் பிடிக்கலாம். முதல் ரிப்போர்ட்டில் வெறும் 'ஸ்பிண்டில் செல் கட்டி' என்றுதான் இருக்கும். அந்த மெழுகிலிருந்து ஓர் இழை சீவி, கிட் புரதத்தைக் காட்டும் சிடி 117 சாயமும் டாக் 1 சாயமும் ஏற்றிய பிறகே ஜிஸ்ட் என்று எழுதுவார்கள். டாக் 1 என்ற பெயரே 'ஜிஸ்டில் கண்டுபிடித்தது' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம், 2004இல் வந்தது.

இப்போது பெயருக்குப் பின்னால் இன்னொரு வாலும் சேர்கிறது. கிட் மரபணுவின் 11ஆம் எக்ஸான் என்ற பகுதியில் பழுது இருந்தால் தினம் 400 மில்லிகிராம் இமாட்டினிப் நன்றாகக் கேட்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் இந்த வகை. 9ஆம் எக்ஸான் என்றால், நோய் பரவிய நிலையில் 800 தேவைப்படும். கிட் அல்லாத வேறொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் கேட்கவே கேட்காது. அதற்கு வேறு மாத்திரை 2020இல்தான் வந்தது. எனவே ரிப்போர்ட் கையில் வந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ஜிஸ்டா என்பதோடு எந்த எக்ஸான் என்பதும். அதைச் சொல்ல அந்த மெழுகுக் கட்டை வேண்டும்; ஆய்வகத்தில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.