மலை கைமாறிய வருஷமும் ஒரு பெண்மணியும்

சென்ற ஆண்டு சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர், "பெண்கள் அரசியலுக்கு வர்றதுன்னா வீட்டுக்காரர் போன பிறகு அவர் நாற்காலிக்குத்தான்" என்று சொன்னார். அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. இந்தக் கட்டுரையே என் பதில்.

மாதேஸ்வரன் மலைக்கு நம்மில் பலர் மேட்டூர், பாலாறு வழியாகப் போகிறோம். சன்னிதி வரிசையில் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் கேட்கும். காரணம் பழையது. இந்த மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா, மொழிவாரி மாநிலங்கள் பிரியும் வரை சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. மறு வருஷமே, 1957இல், பொதுத் தேர்தல். மலையைச் சேர்ந்தவர்கள் மைசூர் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டது அதுவே முதல் தடவை.

அதே தேர்தலில், அதே மைசூர் ஜில்லாவின் குண்டல்பேட்டையில் (ஊட்டியிலிருந்து வரும் பஸ் பந்திப்பூர் காட்டைத் தாண்டியதும் வருகிற ஊர்) கே. எஸ். நாகரத்னம்மா என்னும் பெண்மணி சுயேச்சையாக நின்று ஜெயித்தார். கட்சி கிடையாது. காலியான கணவர் நாற்காலியும் கிடையாது. இதைத்தான் நண்பர் கவனிக்க வேண்டும். பிறகு காங்கிரசில் இருந்தார். மொத்தம் ஏழு முறை அத்தொகுதி அவரை அனுப்பியது.

1972இல் தேவராஜ் அரசு முதலமைச்சரானபோது நாகரத்னம்மா சபாநாயகர் ஆனார். அந்தச் சட்டசபைக்கு அவரே முதல் பெண் சபாநாயகர். இந்தியாவிலேயே முதல்வர் ஹரியானாவின் ஷன்னோ தேவி, 1966இல். ஆனால் அது சில மாதங்களே. நாகரத்னம்மா இருந்தது ஆறு வருஷம், 1978 வரை. சபையில் யாரும் எதிராளியைப் பார்த்துப் பேசக்கூடாது, நாற்காலியைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பது விதி. 216 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையில், மந்திரியானாலும் மிராசுதாரானாலும், எழுந்தால் "அத்யக்ஷரே" என்று அவரை நோக்கித்தான் வாய் திறக்க வேண்டும். கன்னடத்தில் இந்த மரியாதைச் சொல்லுக்கு ஆண், பெண் பேதமில்லை, நம் "தலைவர்" போலவே. மொழிக்கு அந்த இடைஞ்சல் இல்லை, மனுஷருக்குத்தான்.

நடந்த காரியங்களும் சின்னவை அல்ல. மைசூர் என்ற பெயர் போய்க் கர்நாடகம் என்று ஆனது 1973 நவம்பர் 1இல். குத்தகைக்கு உழுதவருக்கே நிலம் என்ற சீர்திருத்தச் சட்டம் 1974 மார்ச் 1இல் அமலுக்கு வந்தது. இரண்டும் அவர் அந்த நாற்காலியில் இருந்த காலத்தவை.

எல்லாம் அரசு அலையில் வந்தது என்பாருண்டு. 1957இல் ஏது அலை? 1985இல் ஹெக்டேயின் ஜனதா அலை எதிர்ப்பக்கம் அடித்தபோதும் அவர் ஜெயித்து, எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். 1993இல் காலமானார்.

நண்பர் சொன்னதும் முழுப் பொய்யல்ல. மலை அடங்கிய ஹனூர் தொகுதியில் 2004இல் பரிமளா நாகப்பா ஜெயித்தது, 2002இல் வீரப்பனால் கடத்தப்பட்ட அவர் கணவர் நாகப்பா பிணமாக மீட்கப்பட்ட பிறகு. நாகரத்னம்மாவின் குண்டல்பேட்டையிலேயே 2017 இடைத்தேர்தலில் கீதா மகாதேவபிரசாத் வந்ததும், மந்திரியாயிருந்த கணவர் மறைந்த பின்னரே. அவர்கள் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கதவை ஒரு பெண் தானாகத் திறந்திருக்கிறார். 1978க்குப் பிறகு அந்தச் சபாநாயகர் நாற்காலியில் இன்னொரு பெண் உட்காரவில்லை.