நரம்பு: ஒரு சொல், மூணு பொருள், நிறைய நஷ்டம்

1/
"நரம்பு கிடைக்கல, கையை நல்லா மூடித் திறங்க." ட்ரிப்ஸ் போடும்போது இதைக் கேட்காதவங்க இருக்க முடியாது. ஆனா அங்கே தேடுறது நரம்பை இல்லை, ரத்தம் ஓடுற சிரையை.

எங்க சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறியில வருஷக்கணக்கா நின்னு வேலை பார்த்தவங்க, "கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு சார்"ம்பாங்க. வெரிகோஸ் வெயின். அதுவும் சிரைதான். குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி தட்டுப்படுற "குதிங்கால் நரம்பு", தசையை எலும்போட கட்டுற தசைநாண்.

மூளைக்கும் உடம்புக்கும் நடுவுல செய்தி கடத்துற அசல் நரம்பு இந்த மூணுலயும் இல்லை!

2/
இதுல நம்ம மக்கள் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. யாழில் கட்டின தந்திக்கும் நரம்புன்னுதான் பேரு. இலையில ஓடுற கோடும் நரம்புதான். மெல்லிசா, நீளமா, இழுத்துக் கட்டினது மாதிரி இருக்கிற எல்லாத்துக்கும் தமிழ் இந்த ஒரே சொல்லைக் கொடுத்திருக்கு.

3/
ஆச்சரியம் என்னன்னா, கிரேக்கர்களும் இதையேதான் செஞ்சாங்க. 'நியூரான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதல் பொருள் தசைநாண். யாழ் போன்ற அவங்க லைர் கருவியின் தந்தியும் நியூரான்தான். லத்தீன் 'நெர்வஸ்' கதையும் இதே: தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி.

அரிஸ்டாட்டில் போன்ற மேதையே உணர்வுக்கு இருப்பிடம் இதயம், இந்த நாண்கள் தொடங்குற இடமும் இதயம்தான்னு நம்பினார்.

4/
முடிச்சை அவிழ்த்தவர் ஹெரோஃபிலஸ். கி.மு. 300 வாக்கில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்தவர். ஒரே மாதிரி தெரியுற இந்த வெள்ளைக் கயிறுகள்ல சில மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகுது, சில தசையிலிருந்து எலும்போட முடிஞ்சிடுதுன்னு கண்டுபிடிச்சார். முதல் வகைதான் நரம்பு.

பழைய குழப்பத்தின் தடம் ஒண்ணு இன்னைக்கும் மிச்சம் இருக்கு. தகடு போன்ற தசைநாணுக்கு மருத்துவத்துல 'அப்போநியூரோசிஸ்'னு பேரு. பேருக்குள்ள நியூரான் இருக்கு, ஆனா அது நரம்பு இல்லை!

5/
"சரி டாக்டர், தமிழ்ல இதையெல்லாம் பிரிச்சுச் சொல்ல வார்த்தை இருக்கா?" இருக்கு. 150 வருஷத்துக்கு முன்னாடியே உடற்கூறியலைத் தமிழ்ல படிச்சு டாக்டர் ஆனவங்க இருக்காங்க.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அமெரிக்க மிஷன் டாக்டர். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்துல படிச்ச மாணவர்கள் அரசு வேலைக்குப் போயிடுறாங்க, தமிழ்ல படிச்சா கிராமத்துல நிப்பாங்கன்னு கணக்குப் போட்டு, 1860-களில் பயிற்சியைத் தமிழுக்கே மாற்றினார். அவரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கின நூல்கள்ல ஒண்ணு 'மனுஷ அங்காதிபாதம்', 1872. இன்னைக்கும் மருத்துவ மாணவர்கள் கையில இருக்கிற கிரேயின் அனாட்டமி புத்தகத்தோட தமிழ் வடிவம்!

இலங்கைப் பாடநூல்ல இன்னைக்கு நாடி, நாளம், நரம்பு. நம்ம பாடநூல்ல தமனி, சிரை, நரம்பு. ஆக, வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. அது வகுப்பறையைத் தாண்டி வீட்டுக்கு வரலை, அவ்வளவுதான்.

6/
அந்த இடைவெளியில குடியேறின சொல்தான் "நரம்புத் தளர்ச்சி". இதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு.

1869-ல் நியூயார்க் டாக்டர் ஜார்ஜ் மில்லர் பியர்ட், 'நியூரஸ்தீனியா' என்ற நோயைப் பிரபலப்படுத்தினார். நரம்பின் பலவீனம்னு பொருள். சோர்வு, தலைவலி, தூக்கமின்மை, பதற்றம், ஆண்மைக்குறைவு எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ரயிலும் தந்தியும் பத்திரிகையும் வந்த வேகத்துல மனுஷனோட நரம்புச் சக்தி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகுதுங்கிறது அவர் வாதம். அவர் இறந்தபின் 1884-ல் 'செக்ஷுவல் நியூரஸ்தீனியா'ன்னே ஒரு புத்தகம் வந்தது.

7/
பிற்பாடு மருத்துவம் இந்த மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தது. உள்ளே மனச்சோர்வு, பதற்றநோய், தைராய்டு, ரத்தசோகைன்னு வேற வேற நோய்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டிலிருந்து இந்தப் பேரை எடுத்துடுச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலிலும் அது தனி நோயா இல்லை.

8/
ஆனா நம்ம ஊர் சுவர்ல இருக்கு! "நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு, உடனே அணுகவும்." பஸ் ஸ்டாண்டு, மின்கம்பம், லாட்ஜ் வாசல், எங்கேயும் பார்க்கலாம். 1954-ஆம் ஆண்டு மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டம், எந்தெந்த நோய்க்கு மருந்து விளம்பரம் செய்யக்கூடாதுன்னு பட்டியல் போட்டிருக்கு. பக்கவாதம், வலிப்பு இவற்றோட நரம்புத் தளர்ச்சியும் அதுல உண்டு. சட்டம் வந்து 70 வருஷம் தாண்டியாச்சு.

9/
பணம் போறது கூட பரவாயில்லை, நோய் ஒளிஞ்சுக்குது பாருங்க, அதுதான் ஆபத்து.

உள்ளங்கால் மதமதன்னு இருக்கு, நரம்புத் தளர்ச்சிதான்னு 10 'சத்து ஊசி' போட்டுக்கிறவருக்கு உண்மையில சர்க்கரை 300-ல் நிக்கலாம். முள் குத்தினதே தெரியாம, புண் புரையோடி, கடைசியில விரலை எடுக்க வேண்டி வரும்.

கை நடுக்கம் பார்க்கின்சனா இருக்கலாம். எரிச்சல் பி12 குறைவா இருக்கலாம். "உடம்புல தெம்பே இல்லை"ங்கிறது மனச்சோர்வா இருக்கலாம். எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. முதல்ல அதன் சொந்தப் பேர் தெரியணும்.

10/
இன்னொண்ணு. திடீர்னு வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறினா "நரம்பு பிசகிட்டு"ன்னு எண்ணெய் தேய்ச்சுட்டு இருக்காதீங்க. அது மூளைக்குப் போற ரத்தக்குழாய்ப் பிரச்சினையா இருக்கலாம். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. 108-ஐக் கூப்பிடுங்க.

11/
அதனால ஒரு சின்ன வேண்டுகோள். டாக்டர்கிட்ட வரும்போது "நரம்பு" என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க. மரத்துப் போகுதா, எரியுதா, ஊசி குத்துதா, நடுங்குதா, சுண்டி இழுக்கா? எந்த இடம்? எத்தனை நாளா? இதை மட்டும் சொல்லுங்க. இந்தத் தமிழ் போதும். நோய்க்குப் பேர் வைக்கிறது எங்க வேலை.