நட்டத்தில் ஓடும் பஸ்

பட்டினத்துப் பெருந்தெருவில் ஓடும் பஸ் வண்டி தன் செலவைத் தானே தேடிக்கொள்ளும். காட்டோரக் கிராமத்துக்கு அதிகாலையிற் சென்று, பத்துப் பிரயாணிகளோடு திரும்பும் வண்டியோ எண்ணெய்ச் செலவுக்குப் போதிய பணத்தையும் சேர்ப்பதில்லை. அக்குறையை நிரப்ப வேண்டியவர் முதலாளியா, பிரயாணியா, அரசாங்கமா? இலங்கையின் பஸ் சேவை வரலாறு முழுவதும் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

இந்நாட்டில் பஸ் சேவை முதலில் தனியார் தொழிலாகவே வளர்ந்தது. வண்டி வாங்க வசதியுடையோர் வருவாய் மிகுந்த தெருக்களை நாடினர். ஒரே தெருவிற் பலர் போட்டியிட்டமையால், பிரயாணிகளைப் பிடிக்கச் சாரதிகள் ஒருவரையொருவர் முந்தி ஓடினர். இந்நிலையை ஒழுங்குபடுத்த 1942 ஆம் ஆண்டில் பஸ் சேவைகளுக்கு அனுமதி வழங்கும் சட்டம் பிறந்தது. ஒரு வழியில் ஒருவருக்கே உரிமை என்பது அதன் அடிப்படை. சிறு முதலாளிகள் பலர் கம்பனிகளாக ஒன்றுசேர்ந்தனர். வீண் போட்டி தணிந்தது. ஆயினும் இலாபமற்ற ஊர்களுக்குச் சேவையை விரிக்கக் கம்பனிகளுக்கு ஊக்கம் இருக்கவில்லை.

1957 ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டப்படி, 1958 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. அப்பொழுது எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமராகவும், மைத்திரிபால சேனநாயக்க போக்குவரத்து அமைச்சராகவும் விளங்கினர். கம்பனிகளின் வண்டிகளையும் வழிகளையும் சபை பொறுப்பேற்றது. அதன் வலிமை அதன் கணக்கு முறையிலேயே இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே நிறுவனம் சேவை நடத்தியமையால், கொழும்பு வழிகளிற் கிடைத்த வருவாய் சிற்றூர் வழிகளின் நட்டத்தை ஈடுசெய்தது. பட்டினத்திற் சீட்டு வாங்கிய எழுதுவினைஞர், தாம் அறியாமலே, தூரத்துக் கிராமத்துச் சிறுவனின் பள்ளிப் பயணத்துக்கு உதவினார்.

இவ்வொழுங்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. கட்டணத்தை உயர்த்த அரசாங்கங்கள் அஞ்சின. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தாற் புதிய வண்டிகளும் உதிரிப் பாகங்களும் அரிதாயின. இலண்டனில் ஓடி முடித்த இரட்டைத் தட்டு வண்டிகளும் இங்கு வந்து உழைத்தன. அரசியற் செல்வாக்கினால் ஊழியர் தொகையும் பெருகிற்று.

1978 ஆம் ஆண்டிற் சபை, மத்திய சபையொன்றாகவும் பிராந்திய சபைகளாகவும் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அவ்வாறு வந்தோரிற் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகளுக்கே உரிமையாளர். அவர்கள் இயல்பாகவே கூட்டம் மிகுந்த வழிகளை விரும்பினர். சிற்றூர் நட்டத்தைத் தாங்கிய பட்டின வருவாய் இவ்வாறு பங்கிடப்பட்டது. நட்டம் மட்டும் சபைகளிடமே தங்கிற்று. சாரதியும் நடத்துநரும் பெறும் கூலி அன்றன்றைய வசூலைச் சார்ந்தமையால், தரிப்பிடத்திற் காத்துக் கிடப்பதும், பின்னர் முந்தியோடுவதுமாகிய பழைய வழக்கம் திரும்பிற்று. 1942 இற் சட்டம் கொண்டு தடுத்த குறை வேறு உருவில் மீண்டது.

பின்னர் மாற்றங்கள் தொடர்ந்தன. 1990 களின் தொடக்கத்திற் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாகி, ஊழியர்களும் அவற்றிற் பங்கு பெற்றனர். 1997 இல் அவை பெருங் கம்பனிகளாக இணைக்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் சட்டத்தினால் இலங்கைப் போக்குவரத்துச் சபை மறுபடியும் உருவாயிற்று. மாகாணத்துள் ஓடும் தனியார் பஸ்களை மாகாண அதிகாரசபைகளும், மாகாண எல்லை கடப்பவற்றை 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் ஒழுங்குபடுத்தலாயின. எரிபொருள் முதலிய செலவுகளைக் கணித்து ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்தும் கொள்கை 2002 இல் வகுக்கப்பட்டது.

ஆயினும் கட்டணச் சூத்திரம் எதுவும் பத்துப் பிரயாணிகளை ஐம்பதாக்காது. ஆகவே அரசாங்கம் நட்டவழிச் சேவையை நேராகவே விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. மாணவருக்கான சிசு சரிய, கிராமங்களுக்கான கெமி சரிய, இரவுப் பயணத்துக்கான நிசி சரிய ஆகியவை அவ்வழி வந்தவை. மாணவர் பருவச்சீட்டிற் குறையும் தொகையையும் பொதுப் பணமே ஈடுசெய்கின்றது. இவ்வுதவியும் எட்டாத ஒழுங்கைகளில் முச்சக்கரவண்டியே துணை. அதற்கு எவரும் மானியம் கொடுப்பதில்லை. ஏழைப் பிரயாணியே முழுச் செலவையும் தன் மடியிலிருந்து கொடுக்கின்றான்.

முன்பு சபையின் பெருங்கணக்கினுள் மறைந்து கிடந்த நட்டம் இன்று வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படுகின்றது. வெளிப்படை நன்றே. எனினும், எழுதிய தொகையைச் சிக்கன நாட்களில் வெட்டுவதும் எளிது. அவ்வாறு வெட்டும்பொழுது முதலில் நிற்பது கிராமத்துக் காலை பஸ். அதனோடு நின்றுவிடுவது அதில் ஏறிப் பள்ளி செல்லும் பிள்ளையின் படிப்பு. பெயரும் நிறமும் பலமுறை மாறிய இச்சேவையின் நிருவாகிகள் என்றும் நினைவிற்கொள்ள வேண்டிய கணக்கு அதுவேயாகும்.