ஆமெனலும் இல்லெனலும்: ஆங்கில இணைச்சொற்களின் கதை

‘நேற்று நீ வகுப்புக்கு வரவில்லையா?’ என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் நம் மாணவரை ஆங்கிலத்தில் வினவினார். மாணவர் தலையைக் குனிந்தபடி ‘யெஸ் சார்’ என்றார். வராததை ஒப்புக்கொண்டதாக அவர் எண்ணம். வராமலே வந்ததாகச் சாதிக்கிறான் என்பது பேராசிரியரின் எண்ணம். பொய்யன் என்ற பட்டத்தோடு அம்மாணவர் நம்மிடம் வந்து நின்றார். கையில் ஒரு தேர்வுத்தாளும் இருந்தது. ‘நீதர்’ என்று தொடங்கி ‘ஆர்’ என்று முடித்த வாக்கியத்திலும், ‘நீதர் டூ ஐ’ என எழுத வேண்டிய இடத்தில் ‘ஐ ஆல்சோ டோண்ட்’ என எழுதியதிலும் சிவப்பு மை பாய்ந்திருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இப்பிழைகளின் ஊற்று எளிதில் புலப்படும். ‘அவனும் நானும் வந்தோம்’ என்கையில் வருவது எண்ணும்மை. ‘நானும் வந்தேன்’ என்கையில் வருவது எச்சவும்மை. தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு உரைத்த எட்டுப் பொருள்களுள் இவ்விரண்டும் அடங்கும். இணைக்கும் வேலையையும், பிறர் சொன்னதோடு உடன்படும் வேலையையும் ஒரே இடைச்சொல் செய்துவிடுகிறது. ‘நானும் வரவில்லை’ என்றாலும் அதே உம்மைதான். மறுப்பை வினை சுமந்துகொள்ளும். ஆங்கிலத்திலோ உடன்பாட்டுக்கு உடன்படுவதற்கு ‘சோ’, மறுப்புக்கு உடன்படுவதற்கு ‘நீதர்’ எனத் தனித்தனிச் சொற்கள். இணைப்பதற்கும் ‘போத்–ஆண்ட்’, ‘ஈதர்–ஆர்’, ‘நீதர்–நார்’ என முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பொருந்தாச் சோடிகள். நாமோ ‘இவனாவது அவனாவது’, ‘இன்றோ நாளையோ’ என்று இருமுனையிலும் ஒரே சொல்லை ஒட்டிப் பழகியவர்கள்.

வியப்பு என்னவெனில், ஆங்கிலமும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘இதுவும் அதுவும்’ என்பதற்கு ‘யெ… யெ’ என்றும், ‘இதுவோ அதுவோ’ என்பதற்கு ‘ஒத்தெ… ஒத்தெ’ என்றும், ‘இதுவுமில்லை அதுவுமில்லை’ என்பதற்கு ‘நெ… நெ’ என்றும் ஒரே சொல்லை இருமுறை வைத்தனர். இன்றைய ‘ஈதரின்’ மூதாதையான சொல்லுக்கு அன்று ‘இரண்டில் ஒவ்வொன்றும்’ என்பதே பொருள். அது ‘யெ’ என்பதோடு சேர்ந்து நின்று ‘இதுவும் அதுவும்’ என்று இரண்டையும் உள்ளடக்கியது. ‘இரண்டில் ஏதேனும் ஒன்று’ என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்ததாகும். இரண்டையும் அணைத்த சொல் ஒன்றை மட்டும் தேரும் சொல்லாயிற்று. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பிய ‘போத்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கன்று. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியிலிருந்து வந்தது. ‘ஆர்’, ‘நார்’ என்பனவும் நீண்ட சொற்கள் வாயில் தேய்ந்து குறுகியவையே.

இனி, மறுப்பின் கதை. பழைய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் எத்தனை மறுப்புச் சொற்கள் வந்தாலும் அவை ஒன்றையொன்று வலுப்படுத்தினவேயன்றி அழிக்கவில்லை. 1400இல் மறைந்த சாசர், காண்டர்பரி கதைகளின் முன்னுரையில் வீரனின் பண்பைச் சொல்லும்போது நான்கு மறுப்புகளை அடுக்குகிறார். ஷேக்ஸ்பியரிடமும் ‘நார்’ என்பதோடு வேறொரு மறுப்பும் சேர்ந்து வரக் காணலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இரு மறுப்புகள் சேர்ந்தால் உடன்பாடாகும் என்று 1711இல் ஜேம்ஸ் கிரீன்வுட் தம் இலக்கண நூலில் எழுதினார். பின்னாளில் லண்டன் பேராயராக விளங்கிய ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணத்தின் அடுத்த பதிப்பில் அவ்விதி இடம்பெற்றது. அமெரிக்காவிலிருந்து வந்து யார்க் நகரருகே வாழ்ந்த லிண்ட்லி முரே, அங்கிருந்த பெண்கள் பள்ளிக்கென 1795இல் எழுதிய இலக்கணம் அதை உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் கல்விப் பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் நூல்களும், 1930களில் வெளியான ரென்–மார்ட்டின் இலக்கணமும் நம் ஊர்ப் பள்ளிகளில் ஆங்கில இலக்கணத்தின் முகமாயின. சிவப்பு மையின் வம்சாவளி இதுதான்.

‘சோ டூ ஐ’ என்பதன் அமைப்பும் பழமையின் எச்சமே. ஆங்கிலத்தில் எழுவாய் முதலிலும் வினை அதன் பின்னும் வரும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். இங்கே எழுவாய் கடைசியில் போய் நிற்கிறது. வேறொரு சொல் முன்னே வந்தால் வினை இரண்டாமிடத்தைப் பிடித்துக்கொள்வது பழைய ஆங்கிலத்தில் பெருவழக்கு. ஜெர்மன் மொழியில் அது இன்றும் விதி. ஆங்கிலம் அவ்வழக்கைப் பெரும்பாலும் கைவிட்டபோதும் இதுபோன்ற சிறுதொடர்களில் மட்டும் அது தங்கிவிட்டது. இடிந்த கோட்டையில் ஒரு வாயில் மட்டும் நிற்பதைப் போல.

மாணவரின் ‘யெஸ்’ என்பதற்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஆங்கிலத்தில் விடைச்சொற்கள் நான்கு இருந்தன. ‘வந்தாயா?’ என்றால் ‘யே’ அல்லது ‘நே’, ‘வரவில்லையா?’ என்றால் ‘யெஸ்’ அல்லது ‘நோ’. வினா மறுப்பாக வந்தால்தான் பின்னிரண்டும் வரும். வில்லியம் டிண்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், ‘நீர் தீர்க்கதரிசியா?’ என்ற வினாவுக்கு யோவான் ‘நோ’ என்று விடையிறுப்பதாக அவர் மொழிபெயர்த்திருந்தார். இங்கிலாந்தின் பேரமைச்சராக இருந்த தாமஸ் மோர், 1532இல் டிண்டேலுக்கு எதிராக எழுதிய மறுப்புநூலில் இவ்வொரு சொல்லையும் விட்டுவைக்கவில்லை. அங்கே ‘நே’ என்றே வரவேண்டும், ஆங்கிலமே சரியாகத் தெரியாதவர் வேதத்தை மொழிபெயர்க்கலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். விதியை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டிலும் ஒரு குத்தல் உண்டு: சமயத் துரோகி ஒருவன் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தகுந்தவனா, என்பதே அந்த வினா. ஆனால் விதியைத் தொகுத்துரைக்கும் ஓரிடத்தில் மோரே தடுமாறி இரு சொற்களையும் இடம் மாற்றி எழுதிவிட்டார் என்பதைப் பிற்கால இலக்கணக்காரர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். விதி அதன் காவலரிடமே நழுவத் தொடங்கியிருந்தது போலும்.

மன்னரின் தலைமையை ஏற்க மறுத்த மோர் 1535 ஜூலையில் தலை வெட்டப்பட்டு இறந்தார். டிண்டேல் 1536 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டு வில்வோர்டில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். இருவரையும் கொன்றது இலக்கணமன்று. ஆயினும் ஒரு சொல்லில் பிழை காண்பதற்குப் பின்னே எவ்வளவு பெரிய பகை நிற்கக்கூடும் என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது. 1611இல் மன்னர் ஜேம்ஸின் ஆணைப்படி வந்த மொழிபெயர்ப்பில் யோவான் ‘நோ’ என்றே விடையளிக்கிறார். டிண்டேலின் ‘பிழை’ வேதத்தின் சொல்லாக நிலைத்துவிட்டது. மோர் காத்த ‘நே’ வழக்கொழிந்தது.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். மோரின் காலத்திலும் நம் மாணவரின் ‘யெஸ்’ பிழையாகவே கொள்ளப்பட்டிருக்கும். ‘வரவில்லையா?’ என்பதற்கு அன்றும் ‘யெஸ்’ என்றால் ‘வந்தேன்’ என்றுதான் பொருள். ஆங்கிலம் நடந்த செய்தியை நோக்கி விடையளிக்கிறது. தமிழோ கேட்டவரின் கூற்றை நோக்கி விடையளிக்கிறது. ‘ஆமாம், வரவில்லை’ என்பதில் ‘ஆமாம்’ கேட்டவருக்கு, ‘வரவில்லை’ செய்திக்கு. ஜப்பானிய மொழியிலும் இவ்வழக்கே உண்டு. ஆகவே அம்மாணவர் பொய் சொல்லவில்லை. தமிழில் உண்மை சொல்லிவிட்டு அதன் முதல் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இதை நாம் ஆங்கிலப் பேராசிரியரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மதிப்பெண்ணைத் தரவில்லை. அது நியாயமே. ‘நீதர்’ வந்தால் ‘நார்’ வரவேண்டும் என்று நாமும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். விதியைக் கற்பிக்கும்போதே அதன் வயதையும் சேர்த்துக் கற்பித்தால், தவறியவன் மூடனும் அல்லன், பொய்யனும் அல்லன் என்பது நம் நினைவில் இருக்கும்.

தேர்வுத்தாளை வாங்கிக்கொண்டு புறப்பட்ட மாணவரிடம், ‘இனி இந்தத் தவற்றைச் செய்யமாட்டாய் அல்லவா?’ என்று கேட்டோம். சற்று யோசித்து, ‘செய்யமாட்டேன் ஐயா’ என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.