மட்டக்களப்பு வாவிக்கரைப் பேய்கள்

கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை ஊர்களில் மக்கள் அஞ்சியும் வழிபட்டும் வந்த ஆவிகள். இங்கே பேய்க்கும் காவல் தெய்வத்துக்கும் நடுவே உறுதியான வேலி கிடையாது. மடை (படையல்) வைத்து, உடுக்கடித்துப் பாடி அடக்கிவிட்டால், பிடித்தாட்டிய ஆவியே ஊர்க்காவலுக்கு வந்துவிடும். காளி, பேச்சி, நரசிங்க வைரவர் போன்றோருக்குரிய சடங்கு முறைகளைப் பத்ததி ஏடுகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தன. வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று பிற ஊரார் மட்டக்களப்பைப் பற்றிச் சொல்வதும் இந்த மந்திரப் புகழால்தான். விருந்தோம்பலைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பார் உள்ளூரார்.

பழமையான சான்றுகளில் சுவையானது கரையோர வேடருடையது. மட்டக்களப்புக்கு வடக்கே மீன்பிடித்து வாழ்ந்த, தமிழ் பேசிய இம்மக்களைப் பற்றி மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்’ நூலில் எழுதினர். இவர்கள் வணங்கிய ஆவிகளில் கப்பல்பேய் என்பவை கடல் கடந்து வந்தவை. காட்டு வேடரின் ஆவிகளோ இறந்த முன்னோர். வாழ்விடம் கடற்கரைக்கு மாறியதும் ஆவிகளும் கப்பலேறி வரத் தொடங்கின என்றே கொள்ளலாம்.

இங்கே கப்பல் பேயைக் கொண்டுவந்தது என்றால், பண்டைய மெசப்பொத்தேமியாவில் படகுக்கு நேர்மாறான வேலை: பேயை வெளியேற்றுவது. சிசுக்களையும் பிள்ளைபெற்ற தாய்மாரையும் தாக்கும் லமாஷ்து என்ற பெண்பேய், அக்காத் மொழி மந்திரங்களில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்திலிருந்தே வருகிறாள். சிங்கத்தலையும் பறவைக்கால்களும் கொண்டவள். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்திலுள்ள அசீரிய வெண்கலத் தகட்டில் அவள் கழுதைமேல் இருந்தபடி படகில் துரத்தப்படுகிறாள். தகட்டின் மேல்விளிம்பில் தலைநீட்டிக் காவல் நிற்பவன் பசூசு. அவனும் பேய்தான், தீய காற்றுகளின் அரசன். ஆனாலும் தாய்மார் அவன் தலையுருவைத் தாயத்தாக அணிந்தனர். பேயைப் பேயால் விரட்டும் இந்த ஏற்பாடு படுவான்கரைப் பூசாரி ஒருவருக்குப் புதிதாகப் படாது. இரு மரபுக்கும் தொடர்பு கற்பிக்கச் சான்றில்லை. பிள்ளைப்பேற்றின் அச்சம் எங்கும் உள்ளதுதான்.

மட்டக்களப்பிலோ, இருபதாம் நூற்றாண்டில் இவ்வாவிகளின் கோயில்கள் பல ஆகம வழிக்கு மாறிக் கோபுரமும் கும்பாபிஷேகமும் கண்டன. பேச்சியும் காளியும் அம்மன் ஆனார்கள். ஆண்டுச் சடங்கும் தீமிதிப்பும் மட்டும் பழைய முறையிலேயே நிலைத்தன. 1990களில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தபோது, தெய்வமேறி ஆடுவோரிடம் வாக்குக் கேட்க வந்தவர்கள் பெருகினர். காணாமற்போன மகன் உயிரோடிருக்கிறானா என்பதே பல தாய்மாரின் கேள்வி. மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் அக்காலத்தில் இவ்வழிபாட்டை ஆராய்ந்து எழுதியுள்ளார்.