பதாகையின் மறுமுனை

ஸ்பெயினில் ஃப்ரீ ஜாஸ் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு தேதியில் தொடங்குகிறார்கள்: 1975 நவம்பர் 20. சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தார், நாடு மூச்சுவிட்டது, இசையும் கட்டவிழ்ந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யாருடைய மூச்சு என்று கேட்டால் கதை தடுமாறுகிறது. அந்த ஆண்டு மே மாதம்வரை அங்கே மணமான பெண், கணவனின் அனுமதி இல்லாமல் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. கருத்தடை குற்றமல்ல என்றானது 1978இல். விவாகரத்து வந்தது 1981இல். இரவுக் கச்சேரிக்கு ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் பெண் என்றால், அவருடைய விடுதலையைச் சொல்ல ஒரு தேதி போதாது.

கட்டற்ற இசை என்று நான் சொல்வது, மெட்டும் தாளமும் முன்கூட்டியே முடிவாகாமல், வாசிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே அந்தக் கணத்தில் உண்டாக்கும் இசையை. நம்முடைய மனோதர்மத்துக்கு ராகம் என்ற வேலி உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. தலைவர் இல்லை, இசைக்குறிப்பு இல்லை, தப்பான சுரம் என்று ஒன்று இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படியென்றால் மேடை முழுக்க ஏன் ஆண்கள்? 1977இல் லண்டனில் மேகி நிக்கல்ஸ், லிண்ட்சே கூப்பர் முதலானவர்கள், ‘ஃபெமினிஸ்ட் இம்ப்ரொவைசிங் குரூப்’ என்ற பெயரில் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள்.

அதே 1977இல்தான் ஸ்பெயினில் ‘செக்சியோன் ஃபெமெனினா’ கலைக்கப்பட்டது. ஃபலாங்கே கட்சியின் பெண்கள் பிரிவு அது. 1934 முதல் கடைசிவரை பிலார் ப்ரீமோ தே ரிவேரா என்ற ஒரே தலைவி. மணமாகாத பெண்களுக்கு ஆறு மாதச் சமூக சேவையை அது நடத்தியது. முடித்த சான்று இல்லாதவளுக்கு பாஸ்போர்ட் கிடைக்காது. இசை வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. அதன் பாடல், ஆடல் குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்து, ஒழுங்குசெய்து மேடையேற்றின. நியாயமாகச் சொன்னால், பல பாடல்கள் பதிவானது அவர்களால்தான். ஆனால் பாட்டி நாற்று நடும்போதோ மாவு பிசையும்போதோ பாடிய பாட்டில் நேற்றைக்கு ஒரு வரி, இன்றைக்கு ஒரு வரி என்றிருக்கும். மேடைக்கு வந்த பாட்டில் அந்த மாற்றம் நின்றுபோகிறது. பெண்கள் பாடத் தடையில்லை, கொடுத்ததைப் பாடினால்.

இந்த நாட்டின் பெயர் ஃப்ரீ ஜாஸில் உரக்கக் கேட்டது நாட்டுக்கு வெளியேதான். 1969இல் நியூயார்க்கில் சார்லி ஹேடன் ‘லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா’ இசைத்தட்டைப் பதிவுசெய்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் படையினர் பாடிய பாடல்கள் அதில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே தொடராக வருகின்றன. டான் செர்ரி, கேட்டோ பார்பியேரி போன்றவர்களின் ஊதல்கள் அவற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. ஸ்பெயினுக்குள் அப்போது ஃபிராங்கோவின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாடல்களை அத்தனை வாத்தியங்களுக்குமாக அமைத்தவர் கார்லா ப்ளே. தட்டின் அட்டைப் படத்தில் குழுவின் பெயர் எழுதிய பதாகையை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒரு முனையில் ஹேடன், மறுமுனையில் கார்லா. கடைகளில் அந்தத் தட்டைத் தேட ஹேடனின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

உள்நாட்டிலும் ஒரு முனையைப் பெண் பிடித்திருந்தாள். 1964இல் ஹுவான் ஹிதால்கோவும் வால்டர் மார்க்கெத்தியும் ரமோன் பார்சேவும் தொடங்கிய ‘சாஹ்’ குழுவில் 1967இல் சேர்ந்தவர் எஸ்தர் ஃபெரேர். சத்தம், மௌனம், ஒரு நாற்காலி, ஒரு நடை என்று எதையும் கச்சேரியாக்கிய குழு. ஃபெரேர் தன் உடலை அளவு நாடாவால் அங்கம் அங்கமாக அளந்து காட்டியதும் அந்தக் காலத்தில் பிறந்த படைப்புதான். ஜாஸ் வரலாறுகள் இவரைச் சேர்ப்பதில்லை. வாத்தியம் இல்லையாம்.

ஃபாத்திமா மிராண்டாவையும் எங்கே வைப்பது என்று அவர்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். 1952இல் சலமாங்காவில் பிறந்தவர், கலை வரலாறு படித்தவர். 1982 முதல் 1989 வரை மாட்ரிட் கொம்ப்ளுதென்சே பல்கலைக்கழகத்தின் ஒலிநூலகத்தை நிர்வகித்தவர். அதாவது அடுத்தவர் குரல்களை அடுக்கிவைப்பது அவர் வேலை. அதே காலத்தில் யோரென்ஸ் பார்பெருடன் சேர்ந்து, அன்றாடப் பொருள்களையே வாத்தியமாக்கிய ‘தாயெர் தே மூசிகா முந்தானா’ குழுவில் கட்டற்ற இசையில் ஈடுபட்டார். பிறகு தன் தொண்டைக்கே திரும்பினார். இந்தியாவுக்கு வந்து டாகர் குடும்பத்தாரிடம் துருபத் கற்றார். ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுரங்களை எழுப்பும் மங்கோலிய முறையையும் பயின்றார்.

அவருடைய தனிக் கச்சேரிகளில் சிரிப்பு வரும், கேவல் வரும், கிழவியின் முணுமுணுப்பு வரும், கீச்சிடல் வரும். சொற்கள் அபூர்வம். முதன்முறை கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குள்கூட எழுப்பக் கூடாது என்று பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படும் ஓசைகள் அவை. அவற்றை அவர் எந்த வெறியிலும் எழுப்பவில்லை, ஒவ்வொன்றையும் நுணுக்கமாகத் திட்டமிட்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரியும். ‘அது திட்டமிட்டதுதானே, கட்டற்ற இசை ஆகுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆண் பியானோ கலைஞர் இரண்டையும் செய்தால் அவருக்கு வீச்சு அதிகம் என்பார்கள்.

ஆண் பியானோ கலைஞர்களுக்கு இந்த வரலாற்றில் குறைவில்லை. 1974இல் கோபன்ஹேகனில் ஆந்தனி பிராக்ஸ்டனுடன் வாசித்த தெத்தே மொந்தொலியு, மயோர்காவில் பிறந்து இவான் பார்க்கர், பாரி கை ஆகியோருக்கு இணையாக நின்ற அகுஸ்தி ஃபெர்னாந்தெஸ். இருவரும் பெரிய கலைஞர்கள், சந்தேகமில்லை. என் கவலை வேறு. இசைக்குறிப்பு இல்லாத இசை கச்சேரியோடு காற்றில் போய்விடுகிறது. மிஞ்சுவது இசைத்தட்டு. வரலாறு தட்டுகளின் பட்டியலாகிவிட்டால், சங்கம் கட்டியவர்களும் விழா நடத்தியவர்களும் சொல்லிக்கொடுத்தவர்களும் கணக்கில் வரமாட்டார்கள்.

செஃபா அலோன்சோவை நான் முக்கியமாக நினைப்பது இதனால்தான். கலீசியாவைச் சேர்ந்த சொப்ரானோ சாக்ஸஃபோன் கலைஞர். 1990களில் மாட்ரிட்டில் ‘மூசிகாலிப்ரே’ சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தச் சங்கத்தின் விழாவுக்கு ‘உர்தா கொர்தெல்’ என்று பெயர். பம்பரம் விடுகிறவர்களின் சொல் அது: சாட்டையைச் சுண்டி இழுத்து, பம்பரத்தைத் தரையில் படாமல் உள்ளங்கையில் விழவைக்கும் வித்தை. எதிர்பாராமல், சட்டென்று என்ற பொருளும் உண்டு. இந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

2008இல் அலோன்சோ கட்டற்ற இசையைப் பற்றி ஸ்பானிய மொழியில் ஒரு நூல் எழுதினார். தலைப்பிலேயே அதை ‘நகர்ந்துகொண்டிருக்கும் இசையமைப்பு’ என்கிறார். மேடையில் அந்தக் கணத்தில் செய்வதும் இசையமைப்புதான், அதைச் செய்கிறவரும் ஆசிரியர்தான் என்று அதைப் படித்துக்கொள்கிறேன். 2014இல் வந்த அடுத்த நூல் முழுக்க, இதைக் கற்பிப்பதும் கற்பதும் எப்படி என்பதைப் பற்றியது. சத்தமில்லாத வேலைதான். ஆனால் இந்த இசை பிறவி மேதைகளுக்கு மட்டும் வாய்ப்பது என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இன்றைய பார்சலோனாவில் நூரியா அந்தொர்ரா தாள வாத்தியங்கள் வாசிக்கிறார், கிளாரா லாய் பியானோ வாசிக்கிறார். நான் அடிக்கடி கேட்பது ரூத் பார்பெரானை. ஆல்ஃபிரெதோ கோஸ்தா மொந்தெய்ரோ, ஃபெர்ரான் ஃபாஜெஸ் இருவருடனும் ‘அத்தோலோன்’ மூவர் குழுவில் ட்ரம்பெட் வாசிப்பவர். அந்த நாட்டில் ட்ரம்பெட் என்றால் படைமுகாமும் காளைச்சண்டைத் திடலும்தான் நினைவுக்கு வரும். பார்பெரானின் வாத்தியத்தில் முழக்கம் இல்லை. குழாய்க்குள் மூச்சு போகும் ஓசை, எச்சில் துளியின் ஓசை, உலோகம் லேசாக அதிரும் ஓசை. அவ்வளவு மெதுவாக இருப்பதால் முன்வரிசையில் யாராவது நாற்காலியை அசைத்தால்கூட அது கச்சேரியில் சேர்ந்துவிடும்.