எண்ணெய் கேட்காத கட்டுமரமும் ஒரு எண்ணெய்க் குப்பியும்

தையல்காரரின் மெஷின் பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும், பார்த்திருப்பீர்கள். நீளமான மூக்கு. அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சத்தம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு எண்ணெய். அதனுடைய அண்ணன்தான் பட்டறைகளில் இருக்கும் பம்ப் வைத்த ஆயில் கேன். அதற்கென்று ஒரு வரலாறு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களை வைத்துப் பார்த்தால் அது கொஞ்சம் சுவாரஸ்யமாகவே இருக்கிறது. காரணம், அங்கே பல நூற்றாண்டுகளாக இந்தப் பொருளுக்கு வேலையே இருந்ததில்லை!

கட்டுமரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆணி கிடையாது, அச்சு கிடையாது, சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. லேசான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊறிக் கனத்துவிடும். பராமரிப்பு என்றால் அவ்வளவுதான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று உலகமே இரட்டை உடல் படகை 'கேட்டமரான்' என்கிறது. (நம்முடையது இரட்டை உடல் படகே இல்லை என்பது வேறு விஷயம்.)

ஏரிக்குள் நிலைமை இன்னும் சுலபம். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கழியை ஊன்றித் தள்ளினால் படகு போய்விடும்.

இத்தனைக்கும் பழவேற்காடு உலகம் தெரியாத ஊர் இல்லை. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், வெடிமருந்து தயாரித்துக் கீழை நாடுகளுக்கு அனுப்பினார்கள். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இன்றும் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 அக்டோபர் 9-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அப்போதும் அதே ஏரியில் கழி ஊன்றித்தான் படகு தள்ளினார்கள்.

ஆக, எண்ணெய் வேண்டியிருந்தது தரையில்தான். மாட்டுவண்டி அச்சுக்கு எண்ணெய் கலந்த கறுப்பு மை போடுவார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் ஆரம்ப கால ரயில்களுக்கு நம் விளக்கெண்ணெயும் உயவு எண்ணெயாகப் பயன்பட்டது. (கேஸ்ட்ரால் என்ற பெயரே 1909-ல் ஆமணக்கிலிருந்து வந்ததுதான்.) அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களை அவ்வப்போது நிறுத்தி, ஒரு ஆள் கேனோடு சுற்றி வந்து எண்ணெய் விட வேண்டும். அமெரிக்காவில் அந்த வேலையைப் பார்த்த கறுப்பினப் பொறியாளர் எலைஜா மெக்காய், ஓடும்போதே தானாக எண்ணெய் விடும் கருவிக்கு 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகும் கைக் கேன் ஒழியவில்லை. சின்ன எஞ்சின்களுக்கு அதுதான் கதி.

சரி, கேனுக்குள் என்ன இருக்கிறது? ஊர் கைப்பம்பில் இருப்பதேதான். ஒரு சிலிண்டர், ஒரு பிளஞ்சர், இரண்டு வால்வு. ஒரு கடைசல் பட்டறையில் லேத் இருந்தால் போதும், பித்தளைக் கம்பியில் கடைந்துவிடலாம். பிளஞ்சர் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆடவும் கூடாது. வால்வு என்பது ஒரு துளை, அதன்மேல் ஒரு பேரிங் குண்டு. துளையின் விளிம்பில் குண்டை வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு தட்டு. குண்டுக்கு ஏற்ற பள்ளம் விழுந்துவிடும். தட்டிய குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்குண்டு போட வேண்டும். அழுத்தினால் கீழ்க்குண்டு மூடும், மேல்குண்டு திறக்கும். விட்டால் ஸ்பிரிங் பிளஞ்சரைத் திருப்பித் தள்ளும், எண்ணெய் உள்ளே ஏறும். மூடியில் ஊசித்துளை ஒன்று போட மறந்தால் காற்று உள்ளே போகாது, நாலு தடவை அழுத்தியதும் எண்ணெய் நின்றுவிடும்!

தையல்காரர் டப்பாவைக் கவிழ்த்தால்தான் சொட்டும். இது மேல்நோக்கியும் எண்ணெயைத் தள்ளும். ஆடுகிற படகில் இந்த வித்தியாசம் பெரிது.

படகுக்கு எஞ்சின் வந்த கதை சின்னதுதான். இந்தியா-நார்வே திட்டம் 1953-ல் கேரளத்தில் தொடங்கியது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் வந்தது. அலை அடிக்கும் கரையில் நேராக ஏறக்கூடிய டீசல் படகுகளைச் சோதித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் ஃபைபர் படகுகள் குவிந்தன, கட்டுமரம் ஓரங்கட்டப்பட்டது. ஃபைபர் படகின் சின்ன டீசல் எஞ்சினிலிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று தண்ணீருக்குள் போகும்.

அந்த ஷாஃப்டில்தான் பிரச்சினை. வணிகவியல் புத்தகத்தில் தேய்மானம் என்றால் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கில் எழுதும் ஒரு வரி. கடற்கரையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புத்தண்ணீர் பட்ட இரும்பு ஒரு வாரம் சும்மா கிடந்தாலே சிவந்துவிடும். கட்டுமரத்தின் கயிறு அறுந்தால் மீனவர் தானே கட்டிக்கொள்வார். பேரிங் போனால் மெக்கானிக் வேண்டும், பாகம் வேண்டும், கடன் வேண்டும், நடுவில் கடலுக்குப் போகாத நாட்களும் கணக்கில் சேரும். வேகமும் தூரமும் கிடைத்தது உண்மை. ஆனால் வேலை செய்கிறவனே பழுது பார்க்கும் சுதந்திரம் போனதை யாரும் செலவுக் கணக்கில் எழுதவில்லை.

எஞ்சினோடு வந்த சாமான்களில் உள்ளூர்ப் பட்டறையிலேயே முழுசாகச் செய்துவிடக்கூடியவை மிகக் குறைவு. இந்தக் கேன் அதில் ஒன்று. பித்தளை உப்புக்காற்றை ஓரளவு தாங்கும். குண்டும் ஸ்பிரிங்கும் எஃகு என்றாலும் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பதால் பயமில்லை. காலியான கேனை அப்படியே படகில் போட்டுவைத்தால்தான் அவை துருப்பிடிக்கும்.